பானெட்டுக்குள் கட்டிய மஞ்சள் முடிச்சு

காலை மணி ஆறு நாற்பத்தொன்று. நேரம் தப்பாது, ஏனென்றால் அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. என் மகள் அனுப்பிய படம். காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கறுப்புத் திரையில், குழாய் முளைத்த பெட்டி மாதிரி ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. கீழே அவள் எழுதியிருந்தாள்: "மா, இது என்ன? காடி குலுங்குது."

நான் அனுப்பிய பதிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. "ஓட்டும்போது போனை ஏன் தொடுற?"

அவள் ரெம்பியாவைத் தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறாள். அதை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாங்கள் லூபோக் சீனா என்கிற சிற்றூருக்கு வெளியே, தோட்டத்தைப் பிரித்து விற்ற நிலத்தில் எழுந்த தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறோம். வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். நான் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். மகளுக்கு இருபது வயது. புக்கிட் பெருவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் படிப்பு. அந்த ஆண்டு அவளுக்கு நகரத்து மருத்துவமனை ஒன்றில் வார்டுப் பயிற்சி ஆரம்பித்திருந்தது. காலை ஏழரைக்குள் பதிவேட்டில் கையெழுத்து விழ வேண்டும். மூன்று தடவை தாமதமானால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அடுத்த குழுவோடு சேர்ந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை முதல் நாளே பெற்றோரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கார் அதற்காகவே வாங்கியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுக் கார். வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. ஐயர் ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு கொடுத்தார். உள்ளே மஞ்சள் அரிசி, விபூதி, ஒரு துண்டு கொப்பரை. முன் கண்ணாடியில் தொங்கவிடச் சொன்னார்.

"மா, இது வேணாம்லா," என்றாள் மகள். "ரோடு மறைக்குது. ஃப்ரெண்ட்ஸ் பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கண்ணு பட்டா அவங்களா வந்து காப்பாத்துவாங்க?"

வீட்டுக்கு வந்ததும் அவளே அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். நான் சண்டை போடவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பானெட்டைத் திறந்து, சூடு படாத ஓரமாகப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தாங்கும் காலில் நூலால் இறுக்கிக் கட்டினேன். வண்டியின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அந்த முடிச்சு நாள்பட்டுப்போகக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பழையதை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட்டு, என் பழைய மஞ்சள் சேலையிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, புது அரிசியும் புதுக் கொப்பரையும் வைத்துக் கட்டினேன்.

விளக்கு முதல்தடவை எரிந்த அன்று அவளுக்கு வார்டில் இருபது நிமிடம் தாமதம். முதல் தாமதம்.

சனிக்கிழமை நானே காரை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து ஊர் மஸ்ஜித் தானா வரை போய் வந்தேன். விளக்கு எரியவில்லை. குலுங்கவும் இல்லை. வீட்டு வாசலில் சாவியை அவளிடம் நீட்டி, "எனக்கு ஒண்ணும் எரியலையே," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. இன்று யோசித்தால் உடம்பு கூசுகிறது, ஆனால் இருந்தது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் முடிச்சை அவிழ்த்து எடுத்துவிட்டேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அங்கே இருந்த மூத்த மெக்கானிக் ஒரு சீனர். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாக வரும், மரியாதை மட்டும் வராது. நான் ஆசிரியை என்று படிவத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து முதல் நாளிலிருந்தே டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அறிவியல் டீச்சர் காருக்குள் அரிசி மூட்டை கட்டி வைத்திருக்கிறாள் என்று அவர் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவர் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார். "ஏதோ சென்சர் கம்ப்ளைன் பண்ணுது டீச்சர். இப்ப சரியா இருக்கு. அழிச்சு விட்டுட்டேன். திரும்பி வந்தா நீ திரும்பி வா."

வீட்டுக்கு வந்து, அன்று மாலையே புது முடிச்சு கட்டினேன். விளக்கு எரிந்ததே திருஷ்டியால்தான் என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதனால் இந்தத் தடவை கொப்பரை கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

மூன்று வாரத்தில் விளக்கு மறுபடி வந்தது. மறுபடி அவள் ஓட்டும்போதுதான், வார்டு முடிந்து திரும்பும் வழியில். வீட்டுக்கு வந்து அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் ஸ்பீக்கரில் இருந்தார். நான் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ப்பா, அதே மஞ்சள் லைட்."

"அது என்னம்மா, உனக்கு மட்டும் எரியுது? அம்மா ஓட்டினா எரியலை. நான் போன வாரம் ஓட்டினேன், எரியலை. காடிக்கு உன்னைப் புடிக்கலை போலிருக்கு."

"விளையாடாதீங்கப்பா. அது ஸ்லோ ஆகிடுது. பின்னாடி லோரி ஹார்ன் அடிக்குது. பயமா இருக்கு."

"பயந்தா பஸ்ல போ."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், அவளுக்குக் கேட்கும்படி.

இரண்டாவது தடவை சென்சரையே மாற்றினார்கள். அப்போதும் போவதற்கு முன் முடிச்சை எடுத்தேன், வந்த பிறகு கட்டினேன். நான் எதையும் மறைக்கிறேன் என்று எனக்கே தோன்றவில்லை. வீட்டுக்கு வெளியாள் வரும்போது கொடியில் காயும் துணியை எடுத்து வைப்பது மாதிரித்தான் அது இருந்தது.

மூன்றாவது தடவை விளக்கு வந்தது ஒரு மழைக்காலைப் பொழுதில். அன்று அவள் வார்டுக்குள் நுழையும்போது ஏழு ஐம்பது. இரண்டாவது தாமதம். கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்கள், பெற்றோர் கையெழுத்துக்காக. இன்னொரு தடவை என்றால் விலக்கல் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அவள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரே நின்றாள், என் மாணவர்கள் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்பார்களே, அப்படி.

"கார் சரி ஆகற வரைக்கும் நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்மா. ரூம் இருக்காம். கேட்டுட்டேன்."

"எதுக்கு? யாரோட?"

"யாரோட இல்ல. லேட் ஆகக் கூடாதுன்னுதான்."

"விளக்கு எரியுது விளக்கு எரியுதுன்னு நீ ஏன் சொல்லிட்டே இருந்தேன்னு இப்பதான் எனக்குப் புரியுது."

அவள் முகம் அப்போது எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹாஸ்டல் பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வாரம், வழக்கம்போல முடிச்சை அவிழ்த்துவிட்டு, காரை நான் கொண்டுபோனேன். அவளும் கூட வந்தாள். மூத்த மெக்கானிக் இந்த முறை நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு காத்திருக்கும் அறைக் கதவைத் திறந்து, "டீச்சர், நீ வந்து பாரு," என்றார். மகள் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் போனேன்.

ஒரு வயரைக் காட்டினார். மேல்தோல் உரிந்து செம்புக்கம்பி தெரிந்தது. நுணுக்கமான பல் தடங்கள்.

"எலி. ரோட்டுல காடி ஆடினா இதுவும் பக்கத்து வயரும் உரசும், லைட் எரியும். ஆடலைன்னா எரியாது. அதான் உனக்குக் காட்டலை, உன் பொண்ணுக்குக் காட்டுது. அவ பொய் சொல்லலை. வீட்டுப் பக்கம் செம்பனை இருக்கா?"

"இருக்கு. ஆனா எங்க வீடு சுத்தமா இருக்கும்."

"செம்பனைன்னா எலி இருக்கும். அதுக்குத்தானே தோட்டத்துல ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறான். ஆனா சும்மா வராது. ஏதாச்சும் திங்கக் கிடைச்சாத்தான் வரும்."

பிறகு அவர் கையுறை போட்ட கையை விரித்தார். உள்ளங்கையில் எலிப்புழுக்கை கொஞ்சம். அதோடு மூன்று அரிசி. மஞ்சள் நிற அரிசி.

"இது எப்படி டீச்சர் எஞ்சின் உள்ளே வந்துச்சு?"

இந்த இடத்தை நான் பல தடவை எழுதி அடித்துவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதிப் பார்த்தேன். அது உண்மையில்லை. அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று பார்த்த கணமே எனக்குத் தெரியும். அதில் மஞ்சள் பூசியது என் கை. மூன்று அரிசியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"என் மக காருக்குள்ள சாப்பிடுவா."

யார் வேகாத அரிசியைச் சாப்பிடுவார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார். கையைக் குப்பைத் தொட்டிக்கு மேல் தட்டிவிட்டு, "சாப்பிட வேணாம்னு சொல்லு," என்றார். வயருக்கு மேல் தடித்த நாடா சுற்றிக் கொடுத்தார்.

பொய்யைச் சொன்ன பிறகு அதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சில நாளில் சொன்னவருக்கே அது நிஜமாகிவிடுகிறது. திரும்பி வரும் வழியிலேயே ஆரம்பித்தேன்.

"காருக்குள்ள என்னத்தத் தின்னே?"

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாமத்தான் எலி வருதா? மெக்கானிக் எடுத்துக் காட்டறான். மானம் போச்சு எனக்கு."

"வழியில சில நாள் பன் சாப்பிடுவேன்மா. அவ்வளவுதான். வீட்டுல பசியாற டைம் இல்ல."

"பாத்தியா. இப்ப வருது உண்மை."

அவளும் நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. தன்னுடைய பன் துகளுக்குத்தான் எலி வந்தது என்று என் மகள் நம்பினாள். அந்த ஞாயிறு முழுவதும் இருக்கைகளுக்கு அடியில் கைவிட்டு, பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் அன்று வீட்டில் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நர்ஸம்மா, நோயாளிக் கட்டிலும் இப்படித்தான் வெச்சிருப்பியா?" என்று கேட்டார். அவள் தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து காருக்குள் தண்ணீர்கூடக் கூடாது என்றேன். அவள் கேள்வி கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு, இன்னும் வெளுக்காத வாசலில், காருக்கு வெளியே நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு, உடையைத் தட்டிவிட்டு, கைகளை உதறிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். தூறல் விழும் நாளில் ஒரு கையில் குடையும் மறுகையில் ரொட்டியுமாக நிற்பாள். சமையலறை ஜன்னலிலிருந்து நான் பார்ப்பேன். பிள்ளை திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

எலிப்பொறியும் வாங்கிவந்தேன். கார் நிறுத்துமிடத்தில் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கொப்பரையை எடுத்து அரிவாள்மணையில் நறுக்கினேன். ஒரு துண்டை நெருப்பில் வாட்டிப் பொறியின் கொக்கியில் மாட்டினேன். இன்னொரு துண்டை மஞ்சள் அரிசியோடு வைத்துக் கட்டி பானெட்டுக்குள் வைத்தேன். ஒரே கொப்பரை. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஆறடி தூரம். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விலங்குகள் உணவு தேடி இடம் மாறுவதைப் பலகையில் படம் போட்டு விளக்குகிறவள் நான். அறிவு இல்லாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. முடிச்சை எடுத்துவிட்டால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம் என்னிடம் இருந்தது. அந்தப் பயத்தோடு என் அறிவியல் ஒருநாளும் பேசியதில்லை.

பொறியில் எலி விழவில்லை. அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைத்திருந்தது.

பயிற்சி முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவளுக்கு இடையில் பத்து நாள் விடுமுறை வந்தது. கார் நகரவே இல்லை. "ஓய்வு எடுக்கட்டும், நீ ஓட்டி ஓட்டித்தான் இப்படி ஆச்சு," என்று சாவியை நானே வைத்துக்கொண்டேன். விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலை அவள் எப்போதும்போல வாசலில் நின்று ரொட்டி தின்றாள். ஆறு இருபதுக்குக் கிளம்பினாள்.

ஆறு முப்பத்தெட்டுக்குப் போன் வந்தது.

"மா, மறுபடியும். இந்தத் தடவை மூணு லைட். முப்பதுக்கு மேல போகவே மாட்டேங்குது. கருகின வாசம் வருது. ஓரமா நிறுத்திட்டேன்."

எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. என் முதல் கேள்வி, "காருக்குள்ள என்ன தின்னே?"

அவள் இடத்தை மட்டும் சொன்னாள். ரெம்பியாவுக்கு முன்னால், செம்பனை இரண்டு பக்கமும் வரும் வளைவு.

நான் தினமும் சக ஆசிரியை ஒருவரின் காரில்தான் பள்ளிக்குப் போவேன். அவர் வாசலுக்கு வந்திருந்தார். அதே வழிதான். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பத்தெட்டு. மகள் எச்சரிக்கை முக்கோணப் பலகையைச் சரியான தூரத்தில் வைத்துவிட்டு, வெள்ளைச் சீருடையில், புல்லில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். நான் இறங்கினேன். இழுவை லாரிக்கு அவளே போன் போட்டுவிட்டாளாம். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்களாம்.

"மா, இப்ப கிளம்பினா ஏழரைக்குள்ள போயிடலாம்," என்றாள். என்னிடம் சொன்னாள், ஆனால் சக ஆசிரியையின் காரைப் பார்த்தாள். "கிராப் டாக்சி எதுவும் கிடைக்கலை. டீச்சர் கொஞ்சம் விட்டுட்டா..."

சக ஆசிரியை ஏற்கெனவே கண்ணாடியை இறக்கியிருந்தார். "வாம்மா, ஏறு. நான் கொண்டுபோய் விடறேன். ஸ்கூலுக்கு ஒரு மெசேஜ் போட்டாப் போதும், டீச்சர். நீங்க லோரிக்கு நில்லுங்க."

மகள் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டாள்.

இத்தனை நாளும் அவளுக்கு இருந்த ஒரே பயம் இந்த மூன்றாவது தாமதம். அது வராமல் இருக்க ஒரு கார், கண்ணாடியை இறக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டு அவள் முன்னால் நின்றது. நான் சொல்ல வேண்டியது ஒரே சொல். போ.

"வேணாம் டீச்சர்," என்றேன். "நீங்க போங்க. அவ செஞ்சதை அவளே நின்னு பாக்கட்டும்."

"டீச்சர், புள்ளைக்கு லேட் ஆகுமே..."

"ஆகட்டும். அப்பதான் புத்தி வரும். ஒவ்வொரு தடவையும் யாராச்சும் வந்து தூக்கி விடுவாங்கன்னு நினைச்சா எப்படி?"

சக ஆசிரியை என்னையும் அவளையும் பார்த்தார். பிறர் வீட்டு விஷயத்தில் எவ்வளவு தூரம் நுழையலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். கண்ணாடியை ஏற்றினார். மகள் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். கார் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு முடிச்சின் நினைவு வந்தது. லாரிக்காரர் வந்தால் பானெட்டைத் திறப்பார். அதற்குள் எடுத்துவிட வேண்டும். இவள் முன்னால் எப்படி எடுப்பது?

"முன்னாடி ஒரு கடை இருந்துச்சே. போய்த் தண்ணி வாங்கிட்டு வா. எனக்குத் தொண்டை காயுது."

"காருக்குள்ள தண்ணி கூடாதுன்னு சொன்னீங்க."

"வெளியிலதானே நிக்கிறோம்."

"நான் எங்கேயும் போகலைமா. நின்னு பாக்கச் சொன்னீங்க. பாக்கறேன்."

குரல் உயரவில்லை. வார்டில் நோயாளிகளிடம் இப்படித்தான் பேசுவாளாக இருக்கும். நாங்கள் காரின் இரண்டு முனையில் நின்றோம். பள்ளி பஸ்கள் போயின. செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனது. ஏழு இருபதுக்கு அவள் மணி பார்த்தாள். ஏழரைக்குப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஏழு நாற்பத்தேழுக்கு அவள் போனில் செய்தி வந்தது. படித்துவிட்டு, கையை நீட்டி என்னிடம் காட்டினாள். பயிற்சி மேற்பார்வையாளர் அனுப்பியது. இரண்டே வரி. இன்றிலிருந்து வார்டுக்கு வர வேண்டாம். அடுத்த குழுவுக்கான சேர்க்கை பற்றிக் கல்லூரி அலுவலகம் தெரிவிக்கும்.

"போதுமாம்மா?" என்று கேட்டாள்.

நான், "இதுக்கெல்லாம் யாரு காரணம்னு யோசி," என்றேன். அந்த நேரத்தில்கூட அப்படித்தான் சொன்னேன். அவள் அப்போதுதான் அழுதாள், எனக்கு முதுகைக் காட்டி, செம்பனைப் பக்கம் திரும்பி நின்று.

இழுவை லாரி எட்டேகாலுக்கு வந்தது. ஓட்டிவந்தவர் ஒரு தமிழர், நாற்பது வயது இருக்கும், வாயில் குச்சி மிட்டாய். இறங்கியதும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். மகளின் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, மிட்டாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"அக்கா, ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை தொறந்து பாக்கறேன். கருகின வாசம்னு சொன்னாங்க."

"வேணாம் தம்பி. அப்படியே ஏத்திடுங்க."

"இல்லக்கா, வழியில தீப்புடிச்சா என் லோரியும் போயிடும்."

பானெட்டைத் தூக்கினார். ஒரு பெரிய எலி விளிம்பில் தாவி, அவர் செருப்பின் மேல் விழுந்து, புல்லுக்குள் ஓடியது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு உள்ளே குனிந்து பார்த்தார்.

"இங்க வந்து பாருங்க," என்றார்.

மகள் போனாள். நானும் போக வேண்டியதாயிற்று. என் முடிச்சு இருந்த இடத்தில் கூடு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தகட்டைப் பிய்த்து, அதோடு மஞ்சள் துணியை நாராகக் கிழித்துக் கலந்து, வட்டமாகச் செய்திருந்தது. நடுவில் ஐந்து குட்டிகள், முடி முளைக்காமல், கண் திறக்காமல், விரல் நுனி அளவில். இரண்டு அசைந்தன. சுற்றிலும் மஞ்சள் அரிசி. அந்தப் பக்கத்து வயர்களெல்லாம் கடித்துக் குதறி, ஒன்று கருகிக் கிடந்தது. கொப்பரையின் தோல் மட்டும் மிச்சம்.

அவர் ஸ்குரூடிரைவரால் கூட்டை அப்படியே நெம்பி எடுத்துச் சாலையோரக் கால்வாயில் போட்டார். பிறகு, கிழியாமல் மூடியின் காலோடு ஒட்டியிருந்த துணி மூலையைப் பிடித்து இழுத்தார். நூல் முடிச்சோடு வந்தது. ஓரம் மடித்து நெருக்கமாகத் தைத்த துணி. எங்கள் வீட்டு மேசை விரிப்பு, தலையணை உறை, அவளுடைய முதல் பள்ளிப் பை, எல்லாவற்றிலும் இருக்கிற அதே தையல்.

"சாமி முடிச்சு மாதிரி இருக்கு," என்றார் அவர். "அரிசி, தேங்கா. யாரு இதை உள்ளே கட்டினது?"

மகள் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் தையல் மேல் ஒரு தடவை தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் இல்லை. ஆனால் அந்த நேரத்துக்குள் பன், பிரஷ், தூறலில் குடை, எல்லாம் அவளுக்குள் வரிசையாகப் போனதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் போதும். அந்நியர் ஒருவர் முன்னால், ஒரு வாக்கியம். நான் தரையில் சிதறிய அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாண்ணே கட்டினேன்," என்றாள் அவள்.

அவர் அவளுடைய வெள்ளைச் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டார். நான் பேசுவேனா என்று ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். நான் பேசவில்லை. சங்கிலியை எடுக்க லாரிப் பக்கம் நடந்தபடியே, அவளிடம் இதமாகத்தான் சொன்னார்:

"அம்மா திட்டினாங்கன்னு அழுவாதே தங்கச்சி. இப்படி ஒரு வேலை செஞ்சு வெச்சா, எந்த அம்மாதான் திட்டமாட்டாங்க."